வாண்டாவுக்கு வைத்த சந்தனம்

ஆவடி பாதுகாப்புத் தொழிற்சாலை குவார்ட்டர்ஸில் போய் 'ஆர்க்கிட் உத்தமன் வீடு எது' என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூடக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போய் விட்டுவிடும். அவ்வளவு பேர். டர்னர் உத்தமன் என்று கேட்டால்தான் கொஞ்சம் யோசிப்பார்கள். கடைசல் மெஷினில் அவர் கடைந்த இரும்பு எங்கே போய்ச் சேர்ந்ததோ யாருக்குத் தெரியும்? வருஷா வருஷம் மலர்க் கண்காட்சியில் அவர் வாங்கிய கப்புகள் மட்டும் முன்னறை ஷோகேஸில் வரிசையாக நின்றன.

அந்தச் செடிகளுக்கு அவர் ஒரு சொம்புத் தண்ணீர்கூட ஊற்றியதில்லை. வாங்கியது, வெட்டியது, கட்டித் தொங்கவிட்டது, பூச்சி துடைத்தது, பூக்க வைத்தது எல்லாம் அவர் மனைவி கஸ்தூரி. கேழ்வரகில் நெய் வடிகிறது என்றால் கேட்பவனுக்கு மதி எங்கே போயிற்று என்பார்கள். ஷிஃப்ட் முடிந்து வந்ததும் காபி குடித்துவிட்டு கேரம்போர்டு ஆடக் கிளம்பிவிடுகிற மனுஷனுக்கு இத்தனை செடி வளர்க்க நேரம் ஏது என்று அந்தக் குவார்ட்டர்ஸில் ஒருத்தரும் கேட்கவில்லை.

கஸ்தூரிக்குச் சொந்த ஊர் போளூர். உத்தமன் குடும்பம் கள்ளிக்குப்பத்தில் ஊரார் நிலத்தில் கூலிக்கு ஏர் ஓட்டிய குடும்பம். அந்த வீட்டில் முதன்முதலாக ஐ.டி.ஐ. படித்து, அரசாங்க வேலைக்குப் போய், குவார்ட்டர்ஸ் வாங்கியவர் அவர்தான். கல்யாணமாகி வந்த கஸ்தூரிக்குத் தரைத்தள வீடும், பின்பக்கம் ஒரு துண்டு மண்ணும், அதில் ஒரு முருங்கை மரமும் கிடைத்தன. ஆர்க்கிட் என்ற வார்த்தையே அவளுக்கு அப்போது தெரியாது.

எண்பத்து மூன்றில், எதிர் பிளாக்கில் இருந்த ஓர் ஆபீசர் குடும்பம் மாற்றலாகி வடக்கே போனது. லாரியில் ஏற்ற இடமில்லை என்று அந்தம்மா தொட்டிகளை அக்கம்பக்கத்தில் கொடுத்தாள். நல்ல குரோட்டன்ஸ் எல்லாம் முந்திக்கொண்டவர்களுக்குப் போய்விட்டது. கடைசியாகப் போன கஸ்தூரிக்குக் கிடைத்தது செத்துக்கொண்டிருந்த ஒரு வாண்டா. பட்டை பட்டையாக இரண்டு பக்கமும் இலை விட்டு நேராக மேலே வளர்கிற ஆர்க்கிட் அது. இலையெல்லாம் தோல் சுருங்கி மடிந்து கிடந்தது. தண்ணீர் போதவில்லை என்று நினைத்து அந்தம்மா வேளைக்கு ஒரு மக் ஊற்றியிருக்கிறாள். ஊற்ற ஊற்ற இன்னும் சுருங்கியிருக்கிறது.

கஸ்தூரி செய்த முதல் காரியம், தொட்டியைக் கவிழ்த்ததுதான். செம்மண்ணும் எருவும் கட்டி கட்டியாக விழுந்தன. உள்ளே வேர் பழுப்பாகி, விரலால் நசுக்கினால் தோல் தனியாகவும் நார் தனியாகவும் வந்தது. வேர் அழுகின செடி எப்படித் தண்ணீர் குடிக்கும்? மூக்கு அடைத்தவனுக்குப் பூவைக் காட்டி என்ன புண்ணியம்? அழுகினதை எல்லாம் அரிவாள்மனையில் நறுக்கி எறிந்துவிட்டு, மிச்சமிருந்த இரண்டு வெள்ளை வேரோடு அதை ஓட்டை விழுந்த அலுமினியச் சட்டியில் கரித்துண்டுக்கு நடுவில் நிறுத்தி முருங்கைக் கிளையில் கட்டித் தொங்கவிட்டாள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. மரத்தைத் தொற்றிக்கொள்கிற மாதிரி வேர் இருக்கிறதே, இதை ஏன் மண்ணில் புதைத்தார்கள் என்று அவளுக்கே தோன்றியது, அவ்வளவுதான். மறுவருஷம் தை மாதம் அது நீலமாகப் பூத்தது.

அந்தத் தையில்தான் குவார்ட்டர்ஸ் எஸ்டேட் மைதானத்தில் மலர்க் கண்காட்சி. பந்தல் போட்டு, மேஜை போட்டு, ஒவ்வொரு தொட்டிக்கு முன்னாலும் வெள்ளைக் கார்டு வைப்பார்கள். கார்டில் குவார்ட்டர்ஸ் யார் பேரில் ஒதுக்கப்பட்டிருக்கிறதோ அவர் பேர்தான் இருக்கும். அது அங்கே வழக்கம். கோலத்துக்கும் ஊறுகாய்க்கும் மட்டும் பெண்கள் பேர் போடுவார்கள். 'திரு. உத்தமன், டர்னர்' என்று கார்டு வைத்தார்கள், முதல் பரிசும் கொடுத்தார்கள். அப்போது கஸ்தூரிக்கு ஒன்றும் உறுத்தவில்லை. தன் புருஷன் மேடையேறிக் கப் வாங்குவதைப் பார்த்துக் கைதட்டினாள். சந்தோஷமாகத்தான் இருந்தது.

பிறகு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். வாங்கி வைத்த ஆர்க்கிட் நோயில் விழுந்தால் இலையைக் கிள்ளிக்கொண்டு உத்தமனைத் தேடி வருவார்கள். அவர் இலையை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "இரு, காபி சொல்ட்டு வரேன்" என்று எழுந்து சமையலறைக்குள் வருவார்.

"இன்னாது இது? பச்சை கரும்பச்சையா கீது. பூவே வரலியாம்."

"வெயில் பத்தல. இலை இளம்பச்சையா இருந்தாத்தான் பூக்கும். காலை வெயில் படறாப்பல மாத்தி வெக்கச் சொல்லுங்க."

"இந்த வெள்ளையா பஞ்சு மாரி?"

"மாவுப்பூச்சி. ஸ்பிரிட்டுல பஞ்சை முக்கித் துடைக்கணும். எறும்பு ஏறுதான்னு கேளுங்க. எறும்பை விட்டுட்டு பூச்சியை மட்டும் துடைச்சா அதுங்களே திரும்பக் கொண்டாந்து விட்டுடும்."

அவர் முன்னறைக்குப் போய் அதையே சொல்வார். குரலைத் தாழ்த்தி, தலையை ஆட்டி, நடுநடுவே நிறுத்தி, ஏதோ இப்போதுதான் யோசித்துக் கண்டுபிடித்த மாதிரி சொல்வார். வந்தவர்கள் வாயைப் பிளந்து கேட்பார்கள். கஸ்தூரி காபியைக் கொண்டுபோய் வைத்தால், "அண்ணன் கையில இன்னாவோ கீதும்மா" என்பார்கள். அவள் சிரித்துவிட்டு வந்துவிடுவாள். முதல் இரண்டு மூன்று வருஷம் அந்தச் சிரிப்பு உண்மையான சிரிப்பு. அப்புறம் சும்மா பல் தெரிந்தது.

உத்தமன் கெட்ட மனுஷன் இல்லை. குடிக்க மாட்டார், கை நீட்ட மாட்டார், சம்பளத்தைக் கொண்டுவந்து கையில் கொடுத்துவிடுவார். இதைச் சொல்லிச் சொல்லித்தான் ஊரில் பாதிப் பெண்களின் வாயை அடைக்கிறார்கள். கஸ்தூரியும் அதைத் தனக்குத் தானே சொல்லிக்கொண்டு பத்து வருஷம் போல ஓட்டினாள். ஒரு நாள் அண்ணன் முறையுள்ள ஒருத்தர் போளூரிலிருந்து வந்தபோது, உத்தமன் அவரைப் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போய், "இந்தத் தண்ணியில உப்பு ஜாஸ்தி மச்சான். தொட்டி ஓரத்துல வெள்ளையா பூத்துக்கினு கீது பாரு. அதான் நான் மழைத்தண்ணிய பிடிச்சி வெச்சிக்கிறேன்" என்று சொல்வதை ஜன்னல் வழியாகக் கேட்டாள். சமையலறைக்கு வராமலே சொல்கிறார். 'நான்' என்று சொல்லும்போது அவர் குரல் கொஞ்சம்கூட இடறவில்லை. அந்த மழைத்தண்ணீரைக் குடம் குடமாகப் பிடித்து வைத்து இடுப்பு வலித்தது அவளுக்கு. அன்றைக்குத்தான் அவளுக்கு முதல்முதலாகப் பயமாக இருந்தது. பொய் சொல்கிற ஆளோடு சண்டை போடலாம். நம்பிவிட்ட ஆளோடு என்ன பேசுவது?

தொண்ணூற்று மூன்றில் அவளுக்கு ஒரு கதவு திறக்கிற மாதிரி இருந்தது. வேலப்பன்சாவடியில் ஹைவே ஓரமாக சுலைமான் பாய் என்று ஒருத்தர் நர்சரி வைத்திருந்தார். கஸ்தூரி கம்பிக்கூடை வாங்க அங்கே போவாள். அந்த ஆடியில் போனபோது பாய் புதிதாகப் பச்சை வலை கட்டி, கேரளாவிலிருந்து ஒரு லோடு ஆர்க்கிட் இறக்கியிருந்தார். பாதி மஞ்சளடித்துக் கிடந்தது. கஸ்தூரி சும்மா இருக்க முடியாமல் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தாள்.

"பாய், கீழ் இலை மஞ்சளாறது கிழட்டு இலை, அது உதிரும். அதுக்குப் பயப்படாதீங்க. இதுல குருத்து மஞ்சளாவுது பாருங்க, இதான் தப்பு. சாயங்காலம் தண்ணி அடிக்கிறீங்களா?"

"ஆமாம்மா, வெயில் தாழ்ந்தப்புறம்தான் ஆள் வர்றான்."

"காலையில அடிக்கச் சொல்லுங்க. பொழுது சாயறதுக்குள்ள குருத்து காஞ்சிடணும். குருத்துல தண்ணி நின்னா அங்கேயிருந்து அழுக ஆரம்பிச்சிடும்."

சுலைமான் பாய் அவளை ஒரு மாதிரி பார்த்தார். "நீங்க ஆவடி உத்தமன் ஊட்டம்மா இல்ல? அவரு சொல்லிக் குடுத்தாரா?"

"இல்ல பாய்" என்றாள் கஸ்தூரி. "நான்தான் வளக்கறேன். அவருக்கு ஒண்ணும் தெரியாது." அதை வெளியாள் ஒருத்தரிடம் சொன்னது அதுதான் முதல் தடவை.

பாய் சிரிக்கவில்லை, அதுவே பெரிசு. வலைக்குள் இருக்கிற ஆர்க்கிட்டைப் பகலில் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும் என்றார். பெண்ணாக இருந்தால் இன்னும் நல்லது, கை நிதானம் இருக்கும் என்றார். ஆனால் நர்சரியில் அவர் மட்டும் இல்லை, மச்சினனும் பங்குக்காரன். "அவன் வருஷா வருஷம் உங்க கண்காட்சிக்கு வந்து பாக்கறவன். கார்டுல உத்தமன் பேரத்தான் பாத்துக்கீறான். நான் போயி இந்தம்மாதான் வளக்குதுன்னு சொன்னா நம்புவானா? இந்தத் தடவை உங்க பேருல வெய்யுங்கம்மா. நானும் அவனும் வந்து பாக்கறோம். மத்தத நான் பேசிக்கறேன்."

பஸ்ஸில் திரும்பி வரும்போது கஸ்தூரிக்குக் கால் தரையில் பாவவில்லை. பகல் முழுக்கச் செடிகளோடு இருக்கலாம். கஸ்தூரியைக் கேட்டால் தெரியும் என்று நாலு பேர் சொல்வார்கள். அதற்கு வேண்டியதெல்லாம் ஒரு வெள்ளைக் கார்டில் அவள் பேர். அவ்வளவுதான். அதைப் பெரிய ஆசை என்று யாராவது சொல்ல முடியுமா?

அன்று சாயங்காலமே கேட்டாள். நர்சரி வேலையைச் சொன்னதும் உத்தமன் முகம் மாறிவிட்டது. அதைத் தள்ளி வைத்துவிட்டு, "இந்த வருஷம் மட்டும் என் பேர்ல குடுங்க" என்றாள்.

"பேருல இன்னா கீது கஸ்தூரி? ஒம்பேரு வேற எம்பேரு வேறயா?"

"வேற இல்லன்னா என் பேரையே போடலாமே."

"பாக்கலாம், பாக்கலாம்" என்று சட்டையை மாட்டிக்கொண்டு கேரம்போர்டுக்குப் போய்விட்டார். அப்புறம் அவள் நச்சரிக்க நச்சரிக்க, ஒரு நாள் சோற்றில் கை வைத்தபடி, "சரி, குடுக்கறேன், போதுமா?" என்றார். கஸ்தூரி அதையே பிடித்துக்கொண்டாள்.

அந்த வருஷம் வாண்டாக்கள் என்றுமில்லாத செழிப்பு. வேர் எல்லாம் நுனி பச்சை கட்டி நீண்டு தொங்கியது. நுனி பச்சையாக இருந்தால் செடி வளர்கிறது என்று அர்த்தம். தையில் எல்லாம் ஒன்றாகப் பூக்கும் என்று கணக்குப் போட்டு, நிழல் குறைத்து, கஞ்சி கலந்த எருநீர் தெளித்து, ஒவ்வொன்றையும் பார்த்துப் பார்த்து வைத்திருந்தாள். புரட்டாசிக் கடைசியில் போளூரிலிருந்து தந்தி வந்தது. அம்மா கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பு முறிந்துவிட்டது.

கிளம்பும்போது உத்தமனிடம் சொன்னாள். "மழை வரப்போவுது. ஒண்ணும் செய்யாதீங்க. தண்ணி ஊத்த வேணாம். எங்கே தொங்குதோ அங்கேயே தொங்கட்டும். கையே வெக்காதீங்க." அவர் தலையை ஆட்டினார்.

அம்மாவை ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்ததில் மூன்று வாரம் ஓடிவிட்டது. நடுவில் ஆயுத பூஜை வந்தது. தொழிற்சாலைக்காரர்களுக்குப் பொங்கல், தீபாவளி எல்லாம் அப்புறம்தான். ஆயுத பூஜைக்கு மெஷினைத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, பூச் சொருகி, பூசணிக்காய் உடைத்து, பொரிகடலை கொடுத்துத் திமிலோகப்படுத்திவிடுவார்கள். உத்தமனின் கடைசல் மெஷினுக்கும் அமர்க்களமாகப் பூஜை நடந்தது. அப்போது செக்‌ஷனில் யாரோ கேட்டிருக்கிறார்கள். "அண்ணாத்தே, மெஷினுக்குப் போட்ட, ஒனக்குப் பேரு வாங்கிக் குடுத்த செடிக்குப் போடலியே?"

நியாயம்தானே என்று அவருக்குப் பட்டுவிட்டது. வீட்டுக்கு வந்து, தொங்கிக்கொண்டிருந்த வாண்டாக்களை எல்லாம் கழற்றி, பூஜை அலமாரிக்கு முன்னால் ஸ்பேனருக்கும் சுத்தியலுக்கும் பக்கத்தில் வரிசையாக அடுக்கினார். பன்னீர் விட்டுக் கெட்டியாகக் குழைத்த சந்தனத்தை எடுத்து ஒவ்வொரு செடியின் குருத்திலும் ஓர் அப்பு அப்பினார். அதன்மேல் குங்குமம். அதன்மேல் சாமந்திப் பூவைக் காம்போடு சொருகினார். சொம்பில் தண்ணீர் எடுத்துத் தெளித்துத் தீபாராதனை காட்டினார். பூஜையில் வைத்ததை அன்றைக்கு அசைக்கக் கூடாது என்பதால் கதவு சாத்தின அறைக்குள் அப்படியே இருந்தன. விஜயதசமி அன்று எடுத்துப் பழைய இடத்தில் தொங்கவிட்டார். சந்தனத்தைத் துடைக்கவில்லை. சாமிக்கு வைத்ததைத் துடைப்பாரா? அன்று மத்தியானமே ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது.

உத்தமன் இதையெல்லாம் மனசாரப் பக்தியோடுதான் செய்தார். நான் அதை மறுக்கவில்லை. பக்தியோடு செய்ததனால்தான் இவ்வளவு முழுசாக நாசமானது. ஏனோதானோவென்று செய்திருந்தால் இரண்டு மூன்று செடியாவது தப்பித்திருக்கும்.

கஸ்தூரி ஊரிலிருந்து வந்து பையைக்கூட இறக்கவில்லை, நேரே பின்பக்கம் போனாள். தூரத்திலிருந்து பார்க்கப் பச்சையாகத்தான் இருந்தது. கிட்டே போனதும் அழுகின வெங்காய வாடை. முதல் வாண்டாவின் குருத்தை இரண்டு விரலால் லேசாகத்தான் இழுத்தாள். பிடுங்க வேண்டிய அவசியமே இல்லை, கையோடு வந்துவிட்டது. அடியில் பழுப்புத் தண்ணீர் கசிந்தது. குருத்துப் பள்ளத்தில் சிவப்பும் மஞ்சளுமாகக் குழம்பாக ஏதோ இருந்தது. விரலால் தோண்டி எடுத்து மோந்து பார்த்தாள். சந்தனம். அதில் ஒரு சாமந்தி இதழ் ஒட்டிக்கொண்டிருந்தது. அடுத்த செடி, அதற்கடுத்த செடி, எல்லாவற்றிலும் அதே.

"கையே வெக்காதீங்கன்னு சொன்னேனே" என்று அவள் கத்தியது நாலு வீட்டுக்குக் கேட்டிருக்கும்.

"நான் இன்னா பண்ணேன்? பூஜதான் போட்டேன். மழ ஜாஸ்தி இந்த வருசம்."

"எத்தனை ஐப்பசி மழை பாத்த செடிங்க இதுங்க? மழை பேஞ்சா வழிஞ்சிடும். குருத்துல அடைச்சி வெச்சா எங்க வழியும்?"

"சாமி சந்தனத்தால அழுவிச்சின்றியா? வாய கழுவு கஸ்தூரி." அவருக்கு நிஜமாகவே கோபம் வந்துவிட்டது. நல்லது செய்யப் போய்த் திட்டு வாங்குகிறோமே என்ற வருத்தமும் முகத்தில் தெரிந்தது. அதைப் பார்க்க அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அழுதுகொண்டு உட்கார நேரமில்லை. அரிவாள்மனையை அடுப்பில் காட்டிச் சுட்டுச் சுட்டு ஒவ்வொன்றாக வெட்டினாள். ஒரு செடியை வெட்டின கத்தி அடுத்ததைத் தொட்டால் நோயும் கூடவே போகும். உள்சதை வெள்ளையாகத் தெரிகிற வரைக்கும் வெட்ட வேண்டும். பழுப்பு ஒரு பொட்டு மிச்சம் இருந்தாலும் மறுபடி ஏறும். வெட்டு வாயில் லவங்கப்பட்டைத் தூளை அப்பி, தாழ்வாரத்தில் காற்று படுகிற இடத்தில் தண்ணீர் காட்டாமல் காயப்போட்டாள். பல செடிகளை வெட்டிக்கொண்டே போனதில் வேர் வரைக்கும் வந்துவிட்டது. அவற்றைக் குப்பையில் போட்டாள். மிஞ்சின வாண்டாக்கள் தலையில்லாத மொட்டைகள். பக்கத்தில் குட்டி விட்டால் உண்டு, அது பூக்க இரண்டு வருஷமாவது ஆகும். உத்தமன் கண்ணில் படாமல் துணி துவைக்கிற கல்லுக்குப் பின்னால் தொங்கிய, டென்ட்ரோபியம் என்கிற வேறு வகை ஆர்க்கிட் இரண்டு மட்டும் பிழைத்தன. அதில் ஒன்று மொட்டுக் கட்டியிருந்தது. சின்னக் கொத்துதான். அது போதும், அதை வைத்து பாயிடம் பேசிக்கொள்ளலாம் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

பொங்கல் கழிந்த ஒரு நாள் உத்தமன் சிரித்த முகமாக வந்தார். "கண்காட்சிக்குக் குடுத்துட்டேன். ஒம்பேருலதான் குடுத்துக்கீறேன். சொன்ன சொல்ல காப்பாத்திட்டேன் பாத்தியா?"

செடி நன்றாக இருந்தபோது 'பாக்கலாம்' என்றவர், செடி செத்தபிறகு கேட்காமலே கொடுத்திருக்கிறார். இந்த வருஷம் வேண்டாம் என்றாள். ஆர்க்கிட் மேஜை வருஷா வருஷம் நமக்கென்று விடுகிறார்கள், காலியாக விட முடியாது என்றார். டென்ட்ரோபியத்தை மட்டும் வைப்போம் என்றாள். தலையை ஆட்டினார். அவர் தலையை ஆட்டினால் என்ன அர்த்தம் என்று அவளுக்கு இத்தனை வருஷத்தில் தெரிந்திருக்க வேண்டும்.

கண்காட்சி அன்று அவள் தலை வாரிப் பூ வைத்துக்கொண்டு மைதானத்துக்குப் போனபோது, மேஜை பளிச்சென்று இருக்கட்டும் என்று அவர் மொட்டை வாண்டாக்களையும் கொண்டுவந்து அடுக்கியிருந்தார். வெட்டின தலையோடு அவை நடுவில் நின்றன. டென்ட்ரோபியக் கொத்து ஓர் ஓரத்தில் மறைந்து கிடந்தது. முன்னால் வெள்ளைக் கார்டு. 'திருமதி கஸ்தூரி உத்தமன்.' அழகான கையெழுத்தில் எழுதியிருந்தார்கள். வருகிறவர்கள் செடியைப் பார்ப்பார்கள், கார்டைப் பார்ப்பார்கள், உதட்டைப் பிதுக்கிக்கொண்டு அடுத்த மேஜைக்குப் போவார்கள்.

சுலைமான் பாயும் அவர் மச்சினனும் வந்தார்கள். பாய் மொட்டைகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். "இன்னாம்மா இது?" என்றார். அவள் வாயைத் திறப்பதற்குள் மைக் கரகரத்தது. எஸ்டேட் நலச்சங்கச் செயலாளர் கஜபதி பரிசு அறிவிக்க மேடை ஏறியிருந்தார். ஆர்க்கிட்டுக்கு இந்த வருஷம் பரிசு இல்லை என்று சொன்னவர், "நம்ம உத்தமன் சார் செடிக்கு இன்னாதான் ஆச்சி? அவரே வந்து சொல்லட்டும்" என்று மைக்கை நீட்டினார். கூட்டம் கைதட்டியது.

உத்தமன் மேடையேறினார். தொண்டையைச் செருமிக்கொண்டார். இலையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கும்போது வருமே, அதே தாழ்ந்த குரல்.

"எனக்கு இந்த வருசம் ஓவர்டைம் ஜாஸ்தி. செடிய ஊட்ல கஸ்தூரி கையில உட்டுட்டேன். அவங்க அம்மாவுக்கு ஒடம்பு முடியாம, பாவம், அதுக்கு மனசு சரியில்ல. கவனிக்காம உட்டுச்சி, குருத்துல தண்ணி நின்னு அழுவிப்பூட்ச்சி. ஆர்க்கிட்டுக்குக் குருத்துல தண்ணி நிக்கக் கூடாது. நான் சொல்லிக்கினுதான் இருந்தேன். போவட்டும். அடுத்த வருசம் நானே பாத்துக்கறேன்."

கூட்டம் இன்னும் பலமாகக் கைதட்டியது. அவள் வாயிலிருந்து பிடுங்கின வார்த்தையாலேயே அவளை அடித்துவிட்டு அவர் இறங்கினார். பாவம் ஓரிடம், பழி ஓரிடம் என்பது இதுதான். இத்தனை வருஷத்தில் அந்தச் செடிகளோடு சேர்த்துக் கஸ்தூரியின் பேரை மைக்கில் சொன்னது அன்றைக்கு ஒரு தடவைதான்.

சுலைமான் பாயின் மச்சினன் அவர் காதில் ஏதோ சொன்னான். பாய் கஸ்தூரியின் முகத்தைப் பார்க்காமல் மொட்டை வாண்டாவைப் பார்த்துக்கொண்டே, "அம்மாவ நல்லா பாத்துக்கோங்கம்மா. வேல எங்க ஓடிப் போவுது, அப்பறமா பேசிக்கலாம்" என்றார். இரண்டு பேரும் ரோஜா மேஜைப் பக்கம் நகர்ந்தார்கள். அப்புறம் என்றால் எப்போது என்று அவள் கேட்கவில்லை.

பக்கத்து வீட்டு லோகநாயகி வந்து அவள் தோளைப் பிடித்தாள். "அளுவாத கஸ்தூரி. யாரு தப்பு பண்ணல?"

"நான் பண்ணலக்கா" என்றாள் கஸ்தூரி. குரல் கிறீச்சிட்டது. திரும்பிப் பார்த்த பெண்கள் நாலைந்து பேர் கிட்டே வந்தார்கள். "நான் ஊர்லயே இல்ல. ஆயுத பூஜைக்கு அவர்தான் எல்லாச் செடி குருத்துலயும் சந்தனத்தை அப்பி வெச்சார். அதுல மழைத்தண்ணி நின்னுதான் அழுகிச்சி. இந்தச் செடியை வளத்ததே நான்தான். அவருக்கு ஒண்ணும் தெரியாது."

லோகநாயகி தோளிலிருந்து கையை எடுத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"சாமிக்கு வெச்ச சந்தனமா செடிய அழுவ வெக்கும்? இன்னா பேச்சு பேசற? அந்த மனுசன் ஒன்ன ஒரு வார்த்த கொறவா சொல்லல, பாவம்னுதான் சொன்னாரு. நீ அவரு மேலயும் சாமி மேலயும் போடறியே."

மற்ற பெண்கள் தலையை ஆட்டினார்கள். மேடையிலிருந்து இறங்கின உத்தமன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். அழுத முகத்தைப் பார்த்து அவருக்கே இரக்கமாக இருந்தது போலிருக்கிறது. எல்லார் முன்னாலும் அவள் கையைப் பிடித்தார்.

"வா, ஊட்டுக்குப் போலாம். செடிதானே, போனா போவுது. எனக்கு ஒம்மேல ஒண்ணும் கோவம் இல்ல."

"கேட்டியா?" என்றாள் லோகநாயகி. "இந்த மாரி புருசன் கெடைக்கக் குடுத்து வெச்சிருக்கணும்."

கஸ்தூரி கையை உருவிக்கொண்டு மேஜைக்குப் போனாள். டென்ட்ரோபியத்தை எடுக்கப் போகிறாள் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அவள் எடுத்தது கார்டை. அதை நாலாக மடித்து ரவிக்கைக்குள் செருகிக்கொண்டு, செடிகளை அங்கேயே விட்டுவிட்டு, அவருக்கு முன்னால் நடந்து போய்விட்டாள்.